ஒன்பது வீடுகளும் திரும்ப வாங்க மறுக்கும் சைக்கிள்

அனுப்புநர்:
ஐந்தாம் எண் வீட்டின் மூத்த மகள்,
எட்டாம் வகுப்பு மாணவி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெரு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர்ப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வால்வு அக்காவுக்குக் கொடுத்த சைக்கிளைத் திருப்பி ஒப்படைக்கும்படி இட்ட ஆணையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவையும் சேர்த்து ஏழு தெருக்களுக்குக் காலையில் குடிநீர் திறந்துவிடும் தற்காலிகப் பணியாளரை நாங்கள் வால்வு அக்கா என்று அழைக்கிறோம். தங்கள் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கலாம். தோளில் நீண்ட இரும்புக் கம்பியுடன் அவர் நடந்தே சுற்றுவார். எந்த மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறத் தாமதமாகும் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கே குடம் நிறையும்வரை வால்வை மூடமாட்டார். அவர் முழங்கால் வீங்கியிருப்பதைக் கண்டு, சென்ற மாதம் எங்கள் தெருவின் ஒன்பது வீடுகளும் சேர்ந்து ஒரு சைக்கிள் கொடுத்தோம்.

2. இங்கே என் தவறைச் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சிறந்த பணியாளர் சான்றிதழ் தரும்படி தங்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியவள் நானே. எங்கள் அன்புக்குச் சான்றாகச் சைக்கிளைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். நிறத்தையும் குறிப்பிட்டேன். பணியாளர்கள் பொதுமக்களிடம் பரிசு பெறக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாது. சான்றிதழ் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து, ஒன்பது வீட்டாரின் கையெழுத்தும் பெற்று வராவிட்டால் வேலை போய்விடும் என்று அவருக்கு மெமோதான் வந்தது.

3. அவர் படிவத்துடன் வீடு வீடாக வந்தார். மனம் கேட்காமல் நானும் உடன் சென்றேன். தையற்கார அத்தை கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "குடுத்ததைத் திரும்ப வாங்கிட்டு நான் எந்த மூஞ்சியோட குழாயடிக்கு வருவேன்? போம்மா, போய் வேலையைப் பாரு." மாடிவீட்டு மாமா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். படிவத்தை இருமுறை படித்துவிட்டு, "நான் குடுத்தது பெல் மட்டும்தான். அதைக் கழட்டிக் குடு, கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் ஸ்பேனர் எடுத்து வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார். என் அம்மாவோ, "டீ குடிச்சிட்டுப் போ, கையெழுத்து மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டார். மற்ற ஆறு வீடுகளிலும் இதே கதைதான். ஒருவர் கையெழுத்தே மறந்துவிட்டது என்றார்.

4. மெமோ வந்த நாள் முதல் அவர் சைக்கிளைத் தொடுவதில்லை. அது எங்கள் கேட்டருகே பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் தண்ணீர் ஒருநாளும் தாமதமாகவில்லை. காரணம் கேட்டேன். "நாப்பது நிமிஷம் முன்னாடி எழுந்திரிக்கிறேன், அவ்ளோதான் பாப்பா. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் இந்த மனுவை இவ்வளவு சிரமப்பட்டு எழுதியிருக்கமாட்டேன்.

5. மெமோவுடன் வந்த விதியை ஐந்து முறை படித்தேன். அது பரிசைத்தான் தடுக்கிறது. இரவலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே இந்தச் சைக்கிள் ஒன்பது வீடுகளுக்கும் உரியது என்றும், வால்வு அக்காவுக்கு இரவலாகத் தரப்பட்டுள்ளது என்றும் எழுதி இணைத்துள்ளேன். இதில் ஒன்பது பேரும் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டனர். மறந்துபோனவருக்கும் நினைவு வந்துவிட்டது. இரவலைத் திருப்பித் தரும் நாள் எது என்று தாங்கள் கேட்கக்கூடும். உண்மையை மறைக்க விரும்பவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அம்மாவின் பெரிய இட்டலிப் பாத்திரம் மூன்று ஆண்டுகளாகத் தையற்கார அத்தை வீட்டில் இருக்கிறது. அத்தையின் நல்ல கத்தரிக்கோல் எங்கள் வீட்டில் இருக்கிறது. இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பாத்திரத்தைப் பற்றியோ கத்தரிக்கோலைப் பற்றியோ பேசி நான் கேட்டதில்லை.

6. தவறு முழுவதும் என் கடிதத்தினுடையது. விசாரணை வேண்டுமெனில் பள்ளி விட்டதும் நான் நேரில் வருகிறேன். மெமோவை நீக்கி, வெள்ளிக்கிழமை காலை அவர் சைக்கிளிலேயே தண்ணீர் திறக்க வர ஆவன செய்யும்படி ஒன்பது வீட்டார் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஐந்தாம் எண் வீடு
நாள்: ஜூலை 17, புதன்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எட்டாம் வகுப்பு மாணவி

இணைப்பு: இரவல் கடிதம், ஒன்பது கையெழுத்துகளுடன்.