வல்லூறுக்கு அம்மை

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயல. மாடி ரூமைக் காலி பண்ணியாச்சு. பழைய கட்டில், கொலு பெட்டி, இவர் தூக்கிப் போட விடாத வண்டி டயர், எல்லாம் வெளியே. ஜன்னலுக்குக் கொசுவலை. கொசு கடிச்சாப் பரவுமாம்.

சாயங்காலம் வல்லூறு வந்தாச்சு. யாரோ ஒரு ஆள் காடை பிடிக்கப் பழக்கி வெச்சிருந்தான். ஃபாரஸ்ட்காரங்க பிடுங்கிட்டு வந்து எங்க பறவை சென்டர்ல விட்டாங்க. கால்ல இன்னும் தோல் வார். அம்மை போட்டிருக்கு, வைரஸ். சென்டர்ல தனி ரூம் இல்ல, மத்ததுக்கு ஒட்டிக்கும். ஞாயித்துக்கிழமை வாலன்டியர்னு பேர் குடுத்த பாவத்துக்கு என் தலையில.

கால், மூக்கு, இமை, எங்க பாத்தாலும் பொருக்கு. வலது கண் கீத்தாத் தெரியுது. இடது கண் ஒட்டியே போச்சு. சென்டர் டாக்டரம்மா சொன்னது: மருந்து கிடையாது. தீனி, தண்ணி, சுத்தம். பொருக்கு தானா விழணும். "முட்டபேடி விஜயா, தொடாதே. பிச்சா ரத்தம் வரும், இன்னும் பரவும்." ரெண்டு கண்ணும் தெரிஞ்சாத்தான் காட்டுக்கு. இல்லேன்னா? "ஒத்தைக் கண்ணால வேட்டையாடாது. கூண்டுலயே வெச்சா முட்டி முட்டிச் சாகும். ஊசி போட்டுத் தூங்க வெக்கணும். ஆகஸ்ட்ல பாத்து முடிவு பண்ணலாம்."

சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சோறு இறங்கல.

16, புதன்

கையுறை மேல உக்காந்தாத்தான் திங்கறா. விசில் அடிச்சா வாயைத் தொறக்கறா. கீழே குக்கர் விசிலுக்கும் கழுத்தை நீட்டறா! தனியா நின்னு சிரிச்சேன்.

இவர் வாசல்ல வேப்பிலை கட்டிட்டார். "ஆத்தா வந்திருக்கற வீடு." பறவைக்குத்தானே வந்திருக்குன்னேன். "யாருக்கு வந்தா என்ன?" தாளிக்கக் கூடாதாம். கறி உள்ள வரக் கூடாதாம். பின்ன அவ என்ன, கீரையா திம்பா? வாயை மூடிக்கிட்டார். ஒத்துக்கிட்டார்னு நெனச்சேன்.

வாங்க: பிளீச்சிங் பவுடர், காடை, தலைவலி மாத்திரை (எனக்கு).

18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. லீவு கிடைக்கல. இவருக்கு நேத்தும் இன்னைக்கும் நைட் ஷிஃப்ட், ஆபீஸ் வேன் ஓட்டறார். பகல்ல வீட்ல. தீனி அவர் பொறுப்பு. நான் வைட்ஃபீல்ட்ல ரிசப்ஷன்ல உக்காந்துக்கிட்டு சும்மா சும்மா போன். "சாப்ட்டாளா?" "ம், ஆச்சு." என்ன சாப்ட்டான்னு கேக்கத் தோணுச்சா எனக்கு? நேத்து ராத்திரியும், தூங்கட்டும்னு மாடி ஏறல.

மெட்ரோல இந்திராநகர் வரைக்கும் நின்னுக்கிட்டே. ஆட்டோக்காரன் தொம்மலூர் வரமாட்டானாம். நடந்தேன். பாதியில ஓடினேன்.

மாடி ரூம்ல மஞ்சத் தண்ணி தெளிச்சிருக்கு. ஒரு கிண்ணத்துல தயிர்சாதம், ஒண்ணுல இளநீர். ஐஸ் பெட்டியில காடை வெச்சது வெச்சபடி. நெஞ்சைத் தடவிப் பாத்தேன். எலும்பு கத்தி மாதிரி கையில படுது. ரெண்டு நாளாப் பட்டினி.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கொலைகாரன்னுகூடச் சொல்லிட்டேன். திருப்பிக் கத்துவார்னு பாத்தா, படியில உக்காந்துட்டார். "ராணிக்குக் கண்ணு எதனால போச்சு, தெரியுமா உனக்கு?"

ராணி இவர் தங்கச்சி, ஓசூர்ல இருக்கா. சின்ன வயசுல அம்மை வந்து ஒரு கண் போச்சு. அது தெரியும். அந்த சமயத்துல இவங்க அப்பா கருவாடு வாங்கிட்டு வந்தாராம், அது தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லியே அத்தை கடைசிவரைக்கும் அவரை ஒரு வாய் நிம்மதியாத் திங்க விடலையாம். "என் கையால கறி ஊட்டி இதுக்கும் கண்ணு போயிட்டா?"

கோவமும் அடங்கல, பாவமாவும் இருக்கு.

டாக்டரம்மா மழையில வந்து குழாய் விட்டுத் தண்ணி ஏத்தினாங்க. கறி உடனே கூடாது. நாளைக்கு, கொஞ்சம் கொஞ்சமா.

19, சனி

இருக்கா. கண் தொறக்காம, ஆனா இருக்கா.

நேத்து கெளம்பறப்போ டாக்டரம்மா இவர்கிட்ட, "உங்க தங்கைக்கு வந்ததும் வைரஸ்தான் குமார். கருவாடு என்ன பண்ணும் பாவம்?" தலையாட்டினார். நம்பினாரா, தெரியல. ஆனா காடையை அவரே நறுக்கினார், மூஞ்சைத் திருப்பிக்கிட்டு. வேப்பிலை இருக்கட்டும்னேன். கறி மாடி ஏறட்டும்.

26, சனி

வ.கண் முழுசாத் தொறந்தாச்சு. மஞ்சக் கண்ணு. அடேயப்பா, என்னா மொறப்பு! உடம்பு தேறுது.

இ.கண் அப்படியே. பொருக்கு ஒரு ஓரமாத் தூக்கியிருக்கு. நகத்தால லேசா நெம்பினாப் போதும். விரல் துறுதுறுங்குது. கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் கீழே வந்துட்டேன். திரும்ப ஏறினேன். திரும்ப இறங்கினேன். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு"ங்கறார். அவரும் அஞ்சு தடவை ஏறினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொருக்கு விழுந்துடுச்சு! பேப்பர் மேல மிளகு மாதிரி கெடக்கு. கண் இருக்கு, ஆனா மேல வெள்ளையா ஏதோ படலம். பார்வை இருக்கா இல்லையா? டாக்டரம்மா ஞாயிறுதான் வருவாங்க. இதே நெனப்புல ஆபீஸ்ல ஒருத்தர் விசிட்டர் பாஸை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டேன்.

3, ஞாயிறு

வெயில், எத்தனை நாள் கழிச்சு!

டாக்டரம்மா சொட்டு விட்டுத் தொடச்சாங்க. பாதி படலம் வந்துடுச்சு. பாக்கி இருக்கே, அது வழியாப் பார்வை தெரியுமா? வலது கண்ணை அட்டையால மறைச்சாங்க. வல்லூறு என் கையில. "இடது பக்கம் யாராவது கறி காட்டுங்க. சத்தம் கூடாது."

இவர் வந்தார். கையுறை போட மறந்துட்டார். ரெண்டு விரல்ல பச்சைக்கறி.

அவ அசையல. இவர் கறியை மெல்ல மேல தூக்கினார். தலை கூடவே மேல போச்சு. கீழே இறக்கினார். தலை கீழே. அப்புறம் ஒரே பாய்ச்சல், கறியோட விரலும்.

"பாத்துட்டாடி! என்னைப் பாத்துட்டா!" சட்டையெல்லாம் ரத்தம். டாக்டரம்மா பஞ்சு தேடறாங்க, சிரிக்கறாங்க. வேட்டைக்குப் பழக்கி, கண் தேறின பிறகு விட்டுடலாமாம். நான் ஓன்னு அழுதுட்டேன்.

மத்தியானம் ராணிக்கு வீடியோ கால். கட்டுப் போட்ட விரலைக் காட்டி ஒரே பெருமை. "கண்ணைக் காட்டுண்ணா." போனைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு. ராணி தன் நல்ல கண்ணைப் போன்கிட்டக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பாத்தா.

"கறிதான் குடுத்தியா?"

"ஆமா. கறிதான்."

"அப்போ அப்பா மேல தப்பில்லண்ணா."

இவர் போனை என் கையில குடுத்துட்டுக் கீழே போயிட்டார். குக்கர்ல கோழி வெச்சிருக்கார்.