உன் ஈஸ்ட்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் என் பீர் லாரிக்காரனுக்கு,

இன்றைக்கும் வர முடியவில்லை. மில்வாக்கி முழுக்கப் பனி, சாலையில் அதை இன்னும் அள்ளவில்லை. வேலையும் இருந்தது என்று வைத்துக்கொள்.

காலையில் ஆய்வகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஈஸ்ட்டை உடைத்து எடுத்த ஈரல் நொதியை ஐஸில் வைக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டேன். உன் டாக்டர் போனில் கூப்பிட்டார், பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். பிறகு கருவியில் வைத்துப் பார்த்தால், 450-இல் எழ வேண்டிய கோடு 420-இல் எழுந்து நிற்கிறது. நொதி செத்துவிட்டது என்று அர்த்தம். இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கூட வேலை செய்யும் டார்லீன் எட்டிப் பார்த்து, "ஏய், நீயா இப்படிப் பண்ணே? உடம்பு சரியில்லையா?" என்றாள். தூக்கம் போதவில்லை என்றேன்.

அது உன்னுடைய நொதிதான். முன்பு உன் பித்தப்பை ஆபரேஷனின்போது, மரபணு எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைக்க உன் ஈரலில் ஒரு துணுக்கு கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஈஸ்ட்டுல வெச்சு வளக்கப் போறியா? பீர்லயே ஊறின ஈரல்டி, அதுக்குச் சொந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்!" என்றாய். நர்ஸ்கூடச் சிரித்தாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாய். நேரில் பேசலாம்.

கெட்டதைக் கொட்டிவிட்டு உறைபெட்டியைத் திறந்தேன். உன் ஈஸ்ட் இன்னும் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. கொஞ்சம் எடுத்துச் சர்க்கரைக் கரைசலில் விட்டிருக்கிறேன். நாளைக் காலைக்குள் அறையெல்லாம் ரொட்டி வாசனை வந்துவிடும். இங்கே எது கெட்டாலும் முதலிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

நாளைக்கு வருகிறேன். சாலை எப்படி இருந்தாலும் வருகிறேன்.

உன்னவள்