ஜெசிந்தாவின் புதுக் கொம்பியூட்டர்

அன்புத் தம்பி றஞ்சன்,

செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள். நான் திட்டுவேன். ரொறன்ரோத் தமிழரில் பாதிப் பேருக்குக் கொம்பியூட்டர் பார்த்து வாங்கிக் கொடுத்தாய். உன் வீட்டில் மட்டும் யாரோ கழித்துவிட்ட கிழட்டுப் பெட்டி. கேட்டால், "ஓடுதுதானே அக்கா" என்பாய். ஓடியதுதான், நீ இருக்கும்வரை.

உன் ஜெசிந்தாவுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறதடா. பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை. சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் வெளியே போக முடியாது. உன் மாரடைப்புக்குப் பிறகு விட்பியில் நீ வாங்கிய வீட்டைத் தக்கவைக்க மிஞ்சியிருக்கும் வழி இது ஒன்றுதான். திங்கட்கிழமை தொடங்க வேண்டும். கொம்பியூட்டர் சொந்தமாக இருக்க வேண்டுமாம், போன் வருவதும் அதில்தானாம். உன் பெட்டியில் அவர்களுடைய புரோகிராம் ஏறவே இல்லை.

நான் பெரிய ஆள்போலப் புறப்பட்டேன். ஸ்காபுறோவில் ஒருவர் பாவித்த கொம்பியூட்டரை மலிவாக விற்றார். 'ஐ-செவன்' புரொசெசர். மூன்று, ஐந்தைவிட ஏழு பெரிதுதானே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். அதிலும் ஏறவில்லை. இலக்கத்தை மட்டும் பார்க்கக்கூடாதாம், எத்தனையாவது தலைமுறை என்றும் பார்க்க வேண்டுமாம். நான் வாங்கியது உன் கலியாணத்துக்கு முந்திய ஏழு. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மார்க்கம் நகரில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையில் நின்றவர் தமிழ்நாட்டுக்காரர், பொறுமையான மனிதர். இந்த வேலைக்குப் புதுத் தலைமுறை 'ஐ-த்ரீ' தாராளம், மிச்சக் காசை மெமரியில் போடுங்கள் என்றார். பிறந்தநாள் விழாக்களில் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொல்கிற அதே கதை. ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உன் செத்தவீட்டு நாளிலிருந்து அவள் தலைதான் ஆட்டுகிறாள்.

கடைசியில் அவர், கடையிலேயே எல்லாம் பொருத்திச் சரிபார்த்துத் தரவா என்று கேட்டார்.

"வேண்டாம். என்ர மனுசன் செய்வார்," என்றாள் ஜெசிந்தா.

பழைய குரலில், தெளிவாக. அவர் "சரிங்க மேடம்" என்று பில் போட்டார். நான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். என்னத்தைச் சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்லு?

பெட்டி இப்போது உன் மேசையில் இருக்கிறது, ஒட்டிய டேப் கூடப் பிரியாமல். நேற்று நான் போயிருந்தபோது உன் மகள் அதைத் திறக்கக் கத்தரிக்கோலோடு வந்தாள். "அப்பான்ர மேசையில கை வையாதை" என்று ஜெசிந்தா கத்தினாள். பிள்ளை பயந்துபோய் என் பின்னால் ஒளிந்தது. ஜெசிந்தாவுக்குப் பைத்தியமில்லை, தம்பி. நீ வரமாட்டாய் என்று அவளுக்குத் தெரியும். உன் வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

ஆனால் நாளைக்கு ஞாயிறு. சேர்ச்சில் பூசை முடிந்த கையோடு அங்கே போவேன். அவள் அழட்டும், என்னை ஏசட்டும், பெட்டியை நான் திறப்பேன். எந்த வயரை எங்கே கொழுவுவது என்று எனக்குத் தெரியாது. பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கொழுவுவேன். திங்கள் காலை அவள் உன் கதிரையில் இருந்து முதல் போனை எடுக்கும்வரை அந்த வீட்டைவிட்டு அசையமாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் திட்ட இன்னும் நிறைய வைத்திருக்கும்
உன் பெரியக்கா