நீளம் தாண்டும் மணற்குழியில் நிற்கும் என் சிலை

அனுப்புநர்
மு. செங்கம்மா,
ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை,
நகரி, சித்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மைதானப் பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
வடமாலபேட்டை, திருப்பதி மாவட்டம்.

பொருள்: நீளம் தாண்டும் மணற்குழிக்குள் வைக்கப்பட்டுள்ள என் சிலையை, இம்மாதம் 22ஆம் தேதி தங்கள் மைதானத்தில் நடைபெறும் மாநில அணித் தேர்வுக்கு முன் அப்புறப்படுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தெலுங்கில் இரண்டு மனு கொடுத்தேன், பதில் இல்லை. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். ஆகவே இம்மனு.

1. இந்த வட்டாரத்திலிருந்து போய் மாநில அளவில் நீளம் தாண்டிப் பரிசு வாங்கிய முதல் பெண் நான். வடமாலபேட்டை மைதானத்தில் நான் தாண்டிய தூரத்தை இதுவரை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. அதற்காகச் சிலை வைத்தீர்கள், நன்றி. வாஸ்துப்படி ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்றார்களாம். அந்த மூலையில் இருப்பது மணற்குழி. நான் அன்று விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, குழிக்குள்ளேயே பீடம் கட்டி என்னை நிறுத்திவிட்டீர்கள்.

2. நான் தாண்டியது அரைக்கால் சட்டையில். பொம்பளப் புள்ளைய இப்படியா உட்டுக்கினு இருப்பே என்று தெருவே என் நைனாவைக் கேட்டது. சிலைக்கோ பட்டுப்புடவை, கொண்டை, கூப்பிய கை! அந்தக் கோலத்தில் நான் பஸ்கூட ஏறியதில்லை. போகட்டும், அழகாகத்தான் இருக்கிறேன்.

3. நேரில் வந்து முறையிட்டேன். சிலைக்குரியவரின் வாரிசுதான் மனு கொடுக்க வேண்டும் என்றார் தங்கள் எழுத்தர் சுரேஷ்பாபு. அந்தச் செங்கம்மா நானேதான் என்றேன். சுவரிலிருந்த சிலைப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சாயலே இல்லையேம்மா என்றார். வாரிசுச் சான்றுக்கு என் இறப்புச் சான்று வேண்டுமாம். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

4. ஐயா, ஏர்பேட்டிலிருந்து ரக்ஷிதா என்ற பெண் என்னிடம் பயிற்சிக்கு வருகிறாள். இந்தத் தேர்வை விட்டால் அவள் வயதுப் பிரிவில் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. போன வாரம் பீடத்தில் மோதி முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அன்றிலிருந்து, எகிறும் பலகையில் கால் வைத்ததும் உடம்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். ஏன்டி என்று திட்டினால், உங்க மேல வந்து இடிச்சிக்குவேனோன்னு பயமாக்கீது டீச்சர் என்கிறாள். அவள் பயமில்லாமல் தாண்டினால் எங்கே விழுவாளோ, அங்கேதான் நான் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறேன்.

5. ஆகவே சிலையை வாசலில் வையுங்கள், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஈசானிய மூலை காலியானால் தோஷம் என்று யாராவது சொன்னால், தேர்வன்று காலையிலேயே வந்து அந்த இடத்தில் நானே நிற்கிறேன். ரக்ஷிதா ஓடி வரும்போது விலகிக்கொள்ள எனக்குத் தெரியும்.

இடம்: நகரி
நாள்: 6-2-2025

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்,
மு. செங்கம்மா
(கையொப்பம்)