குழாய் வேண்டாம் என்று மூன்று வரி

செவ்வாய், 4 நவம்பர்

விடியற்காலையிலிருந்து மழை. எங்கள் பாயான் பாரு வட்டாரம் முழுக்க காயாத துணி வாசம். ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழுவினேன். அந்த ஒரு வேலைக்கே இரண்டு மாடி ஏறிய இளைப்பு.

இன்று செய்தவை: வடிகட்டி, மாத்திரைப் பெட்டி, மூன்று வரி.

அந்த மூன்று வரி: ‘என் நுரையீரல் ஓய்ந்தால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுங்கள். என்னை வீட்டில் இருக்க விடுங்கள்.’ கீழே கையெழுத்து. பிலோமினா, வயது 69, புத்தி தெளிவு.

மூக்கில் ஏற்கெனவே ஒரு குழாய் இருக்கிறது. அதோடு சமாதானம். பகை தொண்டைக் குழாயோடு மட்டும். என்னுடைய நோயில் அதைப் போட்டால் எடுக்க முடியாமலே போகலாம் என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள்.

மழை விடவில்லை. மதியம் ரசம்.

புதன், 5 நவ.

ஆஸ்பத்திரி. மகன் ஜெரோம் லீவு போட்டுவிட்டு சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்தான். காரில் அவனுக்குப் பதில் ரேடியோ பேசியது.

டாக்டர் சங்கீதா சின்னப் பெண், நல்ல பெண். தாளை இரண்டு முறை படித்தார்.

“ஆன்ட்டி, இதுக்குன்னு தனிச் சட்டம் நம்ம நாட்டுல இன்னும் இல்ல. நாங்க மதிப்போம். ஆனா நீங்க பேச முடியாம வந்து, ஃபேமிலி ‘போடுங்க’ன்னு நின்னா, கஷ்டம் லா.”

நாய் வளர்க்க விண்ணப்பப் பாரம் உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டப் பாரம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரில் முப்பது வருடம் பாரங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். செத்தவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை, அது நியாயம். உயிரோடு இருப்பவளுடைய கையெழுத்து எதற்கும் ஆகாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

பிறகு டாக். எழுந்தார். “வாரிசு கொஞ்சம் வெளிய வரலாமா?”

இங்கே அதுதான் வழக்கம். கெட்ட செய்தியைத் தாழ்வாரத்தில் பேசுவார்கள். நோயாளிக்குக் கேட்காமல் இருப்பது மரியாதையாம். கதவுக் கண்ணாடி வழியே ஜெ. தலையாட்டுவது தெரிந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியை உருட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன்.

“அம்மா, நீங்க ஏன் வந்தீங்க?”

“மீட்டிங் என்னைப் பத்தின்னு கேள்விப்பட்டேன்.”

டாக். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜெ. சிரிக்கவில்லை. “எல்லாம் செய்யுங்க டாக்டர். என்னென்ன இருக்கோ எல்லாம்.”

தாராளமான பிள்ளை. தொண்டை என்னுடையது.

வெள்ளி, 7 நவ.

வெயில். வந்த அபிப்பிராயங்கள்:

எதிர்வீட்டுச் சீனப் பெண் ஆ மோய்: பறவைக்கூட்டு சூப் குடித்தால் போதும்.

குடும்ப வாட்ஸ்அப்: கும்பிட்ட கைகள், பதினொரு ஜோடி.

என் நாத்தனார் ரெஜினா, நிபோங் திபாலிலிருந்து, போனில் நாற்பது நிமிடம்: “அண்ணி, குழாய் வேணாம்னு எழுதுறது தற்கொலை. ஆண்டவர் கொடுத்த உயிரை ஆண்டவர்தான் எடுக்கணும்.”

“எடுக்கத்தான் வர்றார் ரெஜினா. நீங்கதான் வழியில மெஷினை வச்சு மறிக்கிறீங்க.”

“உங்க வாய் இருக்கே, அண்ணி!”

சாயங்காலம் ஃபாதருக்குப் போன் செய்தேன். உயிரை எடுப்பது வேறு, பலன் தராத பாரமான சிகிச்சையை மறுப்பது வேறு, திருச்சபை இரண்டாவதை அனுமதிக்கிறது என்றார். இதை அப்படியே ரெ.க்குச் சொன்னேன். ஃபாதர் சின்ன வயசு, அவருக்கு அனுபவம் போதாது என்கிறாள். வாட்டிகன் தப்பித்தது.

ஞாயிறு, 9 நவ.

திருப்பலிக்குப் போனேன். ஜெ. கூட்டிப்போனான், ரெ.யும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசை, சிலிண்டர் பக்கத்தில்.

நவம்பர் இறந்தவர்களின் மாதம். கோயில் வாசலில் நோயாளிகளுக்காக எப்போதும் இருக்கும் பெட்டியோடு, இந்த மாதம் மட்டும் இறந்தவர்களுக்காக இன்னொரு பெட்டி. பெயரெழுதிப் போட்டால் பீடத்தில் வாசிப்பார்கள். ரெ. எனக்காகப் போட்டிருக்கிறாள். பெட்டி மாறி, இரண்டாவதில்.

ஃபாதர் நிதானமாக வாசித்தார். “சவரிமுத்து. மரிய லூயிஸ். பிலோமினா ஆரோக்கியசாமி. இவர்களுடைய ஆன்மா...”

எழுந்து நின்றேன். “இருக்கேன் ஃபாதர்.”

  ஃபாதர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரெ. முக்காட்டுக்குள் போய்விட்டாள்.

சாக விடமாட்டேன் என்றவளே என்னை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டாள். கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

காரில் ஜெ. சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். இல்லை.

“பேரைக் கேட்டதும் நிஜம்னு நெனச்சிட்டேன்மா. ஒரு செகண்ட். பக்கத்துல நீங்க இருக்கீங்க, இருந்தும்.”

“ம்.”

“நான் வேணாம்னு சொல்லி நீங்க போயிட்டா, மகனே கொன்னுட்டான்னு பேசுவாங்க. அத்தை பேசுவாங்க. சாகுற வரைக்கும் அதைக் கேட்டுட்டே இருக்கணும்.”

ஆக ‘எல்லாம் செய்யுங்க’ என்பதன் பொருள் இது. என் தொண்டைக்குள் குழாய், ஊர் வாயை அடைப்பதற்கு. அவனிடம் சொன்னேன்: “நீ வேணாம்னு சொல்லல. நான் சொல்றேன். நீ அதைக் கேட்டேன்னு மட்டும் சொல்லு.”

சாவியைப் போட்டான். வழியில் நிறுத்தி தோசை வாங்கிக் கொடுத்தான்.

செவ்வாய், 11 நவ.

மறுபடியும் ஆஸ்பத்திரி. மப்பு, மழையில்லை. ஜெ. தானே நேரம் கேட்டு வாங்கியிருக்கிறான். காரில் ரேடியோ போடவில்லை.

டாக். மூன்று வரியையும் சத்தமாக வாசித்தார். ஜெ. கேட்ட கேள்விகள் (ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான், என் பிள்ளை):

“வீட்டுல மூச்சு முட்டினா நான் என்ன செய்யணும்?”

சின்ன அளவில் மார்ஃபின், முகத்துக்கு நேரே விசிறி, வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸின் நம்பர்.

“அம்மா பயந்தா?”

“பக்கத்துல உட்காருங்க.”

“நான் பயந்தா?”

டாக். தன் நம்பரை எழுதி நீட்டினார். “எனக்குப் போன் பண்ணுங்க,” என்றார்.

பேனாவை வாங்கினான். என் கையெழுத்துக்குக் கீழே ‘சாட்சி’ என்று டாக். எழுதிக் காட்டிய இடத்தில் கையெழுத்து, முழுப் பெயர். டாக். அதை என் ஃபைலின் முதல் பக்கமாக வைத்தார். சட்டம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு என் பக்கம் இரண்டு பேர்.

ஜெ. தாழ்வாரத்திலேயே ரெ.யைக் கூப்பிட்டான். “அத்தை, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க.” அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டாள், எனக்கே கேட்டது. அவன் காது சிவந்தது. போனை வைக்கவில்லை.

நான் பிடுங்கினேன். “ரெஜினா, முடிவு என்னோடது. உயிரோட இருக்கிறவளைத் திட்டு. சனிக்கிழமை நேர்ல வா, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுட்டுத் திட்டு.”

வருகிறாளாம். கத்தரிக்காய் வாங்க வேண்டும்.