வண்டி மேல் போட்ட பழி

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை கூசுகிறது, நீயாவது அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் அம்மிணி. இங்கே விஜயநகரில் விடாத மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. அம்மா மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் இருக்கிறது, வலி பரவாயில்லை. தலை வாரிவிடுவது நான்தான், வகிடு கோணல் என்று தினமும் திட்டு வாங்குகிறேன்.

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வாய் வருவதில்லை, அதனால்தான் காகிதம். சாமுண்டி மலை ஏற்றத்தில் நான் ஓட்டிப்போன உன் பைக் இழுக்காமல் நின்று, பின்னால் உருண்டு, அம்மா விழுந்தாள் என்று சொன்னேன் அல்லவா. ஓட்டை வண்டி, விற்றுத் தொலைப்போம் என்று குதித்ததும் நான்தான். நீ ஆசை ஆசையாக எடுத்த வண்டி, அம்மா கையை நினைத்து, சரிப்பா விற்றுவிடுங்கள் என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது எனக்குக் கேட்காமல் இல்லை.

சாமராஜநகரிலிருந்து பசவராஜ் என்பவர் வாங்க வருவதாகப் பேச்சு. அவருக்குக் காட்டுமுன் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை தனியாக அதே மலைக்குப் போனேன். அன்றைக்குப் போலவே நாலாவது கியரில் ஏறினேன், பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சீக்கிரமே மேல் கியருக்குத் தூக்கிப் பழகிய கை. என் பழைய நூறு சி.சி. வண்டி அதற்கெல்லாம் முனகாது. உன் வண்டி அதிர்ந்தது, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க ஒன்றும் வரவில்லை, எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் இரண்டாயிரத்திலேயே கிடந்தது. ஊருக்குப் போகுமுன் நீ தலைபாடாய் அடித்துக்கொண்டது அப்போதுதான் நினைவு வந்தது. சின்ன எஞ்சினுக்கு எல்லா வேகத்திலும் ஒரே பலம் இருக்காதுப்பா, இதற்கு ஐந்தாயிரத்துக்கு மேல் போனால்தான் இழுவை, ஏற்றத்தில் கியரைக் குறைத்து முள்ளை அங்கேயே வைத்திருங்கள் என்றாய். வண்டியை அலறவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும், எனக்கே சொல்லித்தருகிறாயா என்று உன் வாயை அடைத்தேன். இரண்டாவது கியருக்கு இறக்கினேன். முள் ஆறாயிரத்தைத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல வளைவைத் தாண்டிவிட்டது. மேலே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வீம்பினால் உங்கம்மா கை முறிந்தது, பழியை வாயில்லாத வண்டி மேல் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அம்மிணி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "அது திணறுனது பொறகால உக்காந்த எனக்கே தெரிஞ்சுதுங்க. சொன்னா உங்களுக்குக் கோவம் வந்துரும்னு வாய மூடிட்டு இருந்தனுங்க" என்றாள்.

பசவராஜிடம் வண்டி கொடுப்பதில்லை என்று சொல்ல வேண்டும். ஓட்டை வண்டி என்று தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டு இப்போது என்ன காரணம் சொல்வது என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவே இடது கையால் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். வேளைக்குச் சாப்பிடு, நினைத்ததெல்லாம் கூடிவந்து நீ நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. வண்டி உன் பெயரில் இருப்பதால் பெயர் மாற்றத்துக்கு உன் போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும், கொடுக்காதே. என் வீம்பு எனக்குத் தெரியும், நானே கூப்பிட்டு அதட்டிக் கேட்டாலும் கொடுக்காதே.

உன் அப்பா,
ரத்தினவேல்