நிறம் தீட்டாத மூன்று வள்ளங்கள்

மிஸ்,

இந்தச் செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. ஆனாலும் செவ்வாய் என்றால் சைக்கிள் தானாகவே துறைமுகத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. பழைய விளையாட்டுச் சாமான் அறையின் கதவைத் தள்ளினேன். பஸ்டல் நிறக்கட்டிகளின் வாசம், வெயிலில் கொஞ்சம் இளகிய மெழுகின் வாசம். பதினொரு வருடத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் எழுந்து வந்து என் முன்னால் நின்றது.

மேசையில் ஒரு மாணவி குனிந்து, பிள்ளை வருமுன் கைபழக வள்ளம் கீறிக்கொண்டிருந்தாள். சிறுவர் உளவியலில் முதுகலை படிக்கிறவள். பயிற்சிக்காகக் கிழமைக்கு ஒருநாள் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறாள். தாளில் ஒரு துறைமுகம், அதற்குள் பன்னிரண்டு வள்ளங்கள்.

"ஒண்டும் ஒரே மாதிரி வரேல்லை, மாஸ்டர்" என்றாள்.

"வரத் தேவையில்லை. ஆனா அந்த நாலாவது வள்ளமில்லைப் பிள்ளை, செருப்பு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இது எங்கட பழைய மிஸ் ஒராள் கண்டுபிடிச்ச முறை. விரிவுரையில படிப்பிச்சவை. அவ போன மாதம் கனடாவில மோசம் போயிட்டாவாம். உங்களுக்கு அவவைத் தெரியுமே?"

"தெரியும்" என்றேன். யன்னலைத் திறப்பதுபோல எழுந்து போனேன். யன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

இரண்டாவது தடவை, உலகத்தை விட்டே நீங்கள் போன செய்தியையும் ஒரு மாணவிதான் எனக்குச் சொன்னாள். முதல் தடவை எப்படி அறிந்தேன் என்பதை உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் முதன்முதல் வந்த நாளில் நான் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். "என்ர மாணவர்களுக்குப் பிள்ளைகளோட வேலை செய்து பழக ஒரு இடம் வேணும், மாஸ்டர். புத்தகத்தில இருக்கிற பிள்ளை அழாது, ஓடாது, மேசையில மூத்திரம் பெய்யாது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்த தடைக்கம்பங்களையும் கிரிக்கெட் கால்காப்புகளையும் அள்ளி வெளியே போட்டு, அந்த அறையைத் தந்தேன். யன்னலுக்கு வெளியே துறைமுகம். கப்பல் வந்தால் பிள்ளைகளின் வேலை கெடும் என்று நான் யோசித்தேன். "கெடட்டும், கப்பலைப் பற்றித்தான் கதைப்பம்" என்றீர்கள்.

அறை தருவது சுலபம். பிள்ளைகளைக் கொண்டுவருவதுதான் பாடாய் இருந்தது. "பைத்தியத்துக்குப் பாக்கிற ஆக்களோ?" என்று கேட்காத தாய் இல்லை. நான் வீடு வீடாகப் போனேன். ஓர் உதாரணம் வைத்திருந்தேன். "கணக்கு ஏறாத பிள்ளையை ரியூசனுக்கு விடுறீங்கள்தானே? பயம் போகாத பிள்ளைக்கு இதுவும் ஒரு ரியூசன்தான்." அவர்களுக்கு உளவியலும் தெரியாது, உங்கள் பல்கலைக்கழகமும் தெரியாது. முப்பது வருடம் அந்தக் கரையில் படிப்பித்த ஒரு மனிதனின் வாயைத் தெரியும். அந்த வாயை நம்பித்தான் அனுப்பினார்கள்.

உங்கள் மாணவர்கள் பன்னிரண்டு கிழமைதான் இருப்பார்கள். பிறகு வேறிடம், வேறு பயிற்சி. அதனால் நீங்கள் ஒரு விதி வைத்திருந்தீர்கள். முதல் நாளே பிள்ளைக்கு முன்னால் பன்னிரண்டு வள்ளம் கீற வேண்டும். ஒவ்வொரு கிழமையும் பிள்ளை ஒன்றுக்கு நிறம் தீட்டும். கடைசி வள்ளம் துறைமுகத்தின் வாயில், கடலைப் பார்த்தபடி நிற்கும். அதற்கு நிறம் தீட்டும் நாள், போய்வருகிறேன் என்று சொல்லும் நாள். போட்டோக்கொப்பி எடுக்க விடமாட்டீர்கள். கையால் கீற வேண்டும், பிள்ளையோடு சேர்ந்து எண்ண வேண்டும். ஒரு மாணவன் எண்ணாமல் விட்டதற்கு அவனை நடுவெயிலில் முற்றத்தில் நிறுத்தி வைத்து ஏசினீர்கள். "இங்கத்தப் பிள்ளையளை விட்டுப் போன ஆக்கள் கனக்க. போறது பிழையில்லை. சொல்லாமப் போறதுதான் பிழை."

அதை நான் என் வகுப்பு ஆசிரியர்களுக்கும் சொல்லத் தொடங்கினேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

யதுர்சிகாவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? உப்பு வாசத்தோடு வரும் எட்டு வயதுப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில். வீட்டில் வாயாடி, பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் இல்லை. மூன்று வருடமாக எந்த ஆசிரியரும் அவள் குரலைக் கேட்டதில்லை. நான் வீட்டுக்குப் போனபோது தாய், "இவளின்ர வாயை மூட ஏலாது மாஸ்டர், உங்கட கேற்றைக் கண்டாத்தான் ஊமை" என்றார். தகப்பன் வலையிலிருந்து தலையை எடுக்காமலே, "பள்ளிக்கூடத்தில கதைக்காட்டிக் குறைவில்லை, இஞ்ச தாய் மூண்டு பேருக்குச் சேர்த்துக் கதைக்கிறா" என்றார். அது பிடிவாதம் இல்லை, பயம், தொண்டைக்குள் கதவு சாத்திக்கொள்கிறது என்று நீங்கள்தான் அவர்களுக்கு விளக்கினீர்கள். மாணவர்கள் அவளை எடுக்கத் தயங்கினார்கள். "நானே எடுக்கிறன், நீங்கள் மூலையில இருந்து பாருங்கோ" என்றீர்கள்.

மூன்றாவது வள்ளம்வரை அவள் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவதில் நீலப் பஸ்டலை உங்கள் பக்கம் தள்ளினாளாம். அன்று நீங்கள் தேத்தண்ணி குடிக்க மறந்து அதையே மூன்று தரம் சொன்னீர்கள். ஏழாவதில் மோட்டர்ச் சத்தம் போட்டாள். டுக்கு டுக்கு என்று வாயை மூடிக்கொண்டே. ஒன்பதாவதில் விரலை வைத்து, மூச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக, "இது அப்பான்ர" என்றாள்.

நீங்கள் வெளியே வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கண் நிறைந்திருந்தது. நான் அதைச் சந்தோசம் என்று நினைத்தேன்.

அன்று என் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டோம். புட்டும் சூடை மீன் குழம்பும். அடுத்த வருடம் வரும் மாணவர்களுக்கு இன்னொரு மேசை வேண்டும் என்று கதைத்தீர்கள். அது எந்த மூலையில் என்று காலால் அளந்தும் பார்த்தீர்கள். பிறகு அலுமாரியில் இருந்த உங்கள் கோப்பையைக் கழுவி, பழைய பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து வருடமாக அந்தக் கோப்பை அந்த அலுமாரியை விட்டுப் போனதில்லை. கையெழுத்து மாறியதைக்கூடக் கண்டுபிடிக்கிற வாத்தியாருக்கு அது பிடிபடவில்லை.

போகும்போது சொன்னீர்கள்: "அடுத்த கிழமை வாறன் மாஸ்டர். யதுவுக்கும் சொல்லிவிடுங்கோ, மழையெண்டாலும் வருவனெண்டு."

ஒவ்வொரு கிழமையும் அதை நீங்களே அவளிடம் சொல்வீர்கள், அவள் உயரத்துக்குக் குனிந்து. அன்று மட்டும் என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள். நான் வாசலுக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு யது வந்தாள். மாணவர்களும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. மழை பெய்தது. "மழை, ரயில் பிந்தியிருக்கும், அடுத்த கிழமை கட்டாயம் வருவா" என்றேன். உங்கள் போன் அணைந்திருந்தது. அடுத்த கிழமையும் அப்படியே. "வருவா" என்று மூன்றாம் தரமும் சொன்னேன். உங்களுக்குக் காய்ச்சலோ என்று பயந்து, கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனைகூடச் செய்தேன்.

மூன்றாம் செவ்வாய் உங்கள் மாணவி ஒருத்தி தன் கோப்புகளை எடுக்க வந்தாள். நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

"மாஸ்டருக்குத் தெரியாதே? மிஸ் கனடா போயிட்டா, மகனோட இருக்க. நாங்கள் பிரியாவிடை வச்சு ஒரு மாதமாகுது."

விரல்விட்டு எண்ணினேன். எட்டாவது வள்ளத்துக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில்.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"மாஸ்டருக்கு நானே சொல்லுறன், நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ எண்டு மிஸ் சொன்னவ."

மிஸ், நீங்கள் போனதில் எனக்குக் கோபம் இல்லை. மகனிடம் போகாத தாய் உண்டா? பிள்ளைக்குப் பொய் சொல்ல உங்களால் ஏலவில்லை. எனக்குச் சொல்ல ஏலுமாக இருந்தது. என்னைக் கொண்டு அவளுக்குச் சொல்லவும் ஏலுமாக இருந்தது.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்ததை யது வாசலில் நின்று கேட்டுவிட்டாள். நான் திரும்பியபோது தாளோடு நின்றாள். அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய ஆளைப் பார்த்து, சத்தமாக, முழுதாகச் சொன்ன முதல் வசனம் இதுதான்:

"வருவாவெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மூன்று வருடமாக நான் கேட்கக் காத்திருந்த குரல் அது. கொஞ்சம் கரகரப்பு, தாயினுடையதைப் போல.

மூதூருக்கு லோஞ்ச் என்ற பயணிகள் படகு ஓடிய காலத்தில் ஜெற்றியில் பார்த்திருக்கிறேன். லோஞ்ச் வராவிட்டால் சனம் கடலை ஏசாது, லோஞ்சையும் ஏசாது. "இந்தா, இப்ப வரும்" என்று சொன்ன தேத்தண்ணிக் கடைக்காரனைத்தான் ஏசும். அவன் பாவம், யாரோ சொன்னதைச் சொன்னவன். ஆனால் நம்பியது அவனைத்தானே.

"எனக்கும் தெரியாது யது" என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு வருடமும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. மற்றப் பிள்ளைகளோடு மெல்ல மெல்லப் பேசினாள். தூரத்தில் கேட்கும். நான் போனால் நிற்கும். பெற்றோரும் மற்றப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். பல்கலைக்கழகம் மறுபடி மாணவர்களை அனுப்பும்வரை அறை நெடுநாள் பூட்டிக் கிடந்தது.

நாலு வருடம் கழித்து உங்களிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "சுகமா மாஸ்டர்? அறை இன்னும் இருக்கே?" அறையைக் கேட்டீர்கள். அவளைக் கேட்கவில்லை. பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை. இப்போது நீங்கள் இல்லை என்றான பிறகு அது என் பிழை என்று தெரிகிறது. ஆனால் அது இரண்டாவது பிழை, மிஸ். முதலாவது உங்களுடையது.

அவள் இப்போது பட்டினத்தில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். பிரசர் குளிசை வாங்கப் போவேன். "சாப்பிட்ட பிறகு போடுங்கோ மாஸ்டர்" என்று எல்லாருக்கும் சொல்வதுபோல எனக்கும் சொல்வாள். நன்றாகக் கதைக்கிறாள். அதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு பங்கு என்று தெரியவில்லை. பழையதை அவள் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைக் கதையை முடிக்கிறேன். அந்த மாணவி வேலை முடித்துப் பையைத் தூக்கினாள். அவள் பார்க்கும் பிள்ளை தரம் இரண்டு, ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து மாமி வீட்டில் நின்று படிக்கிறது. அது கேற்றடியில் பிள்ளைகளை ஏற்றும் வான் வண்டிக்காக நின்றது.

"மாஸ்டர், அடுத்த கிழமை எனக்குச் சோதினை, வர ஏலாது. அதுக்கடுத்த கிழமை வருவனெண்டு பிள்ளைக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன். எனக்கு பஸ் போயிடும்."

"நான் சொல்லமாட்டன்."

அவள் திகைத்துவிட்டாள். நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"பஸ் இன்னொண்டு வரும், பிள்ளை. கேற்றடியிலதான் நிக்குது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ. வர ஏலாதெண்டதை முதல் சொல்லுங்கோ, பிறகு எப்ப வருவனெண்டு சொல்லுங்கோ. ரெண்டும் உங்கட வாயால."

"மிஸ் ஒராளின்ர முறையெண்டு சொன்னனே, அவவும் இப்பிடித்தான் கண்டிப்பாம்" என்றாள், கொஞ்சம் முகம் சுளித்து.

உங்களைப் பற்றி அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உங்கள் பெயர் அவர்களுடைய பாடத்தில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். விதி சரியான விதி. "ஓம், கண்டிப்புத்தான்" என்றேன்.

யன்னலால் பார்த்தேன். அவள் அந்தப் பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து, தாளை விரித்து, ஒரு வள்ளத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். பிள்ளையின் முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டது. மாணவி பஸ்ஸையும் விட்டுவிட்டு வெயிலில் நின்றாள். பிள்ளை யாரில் கோபிக்க வேண்டுமோ அவளில் கோபித்தது. எனக்கு அது போதும்.

யதுவின் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. ஒன்பது வள்ளம் நிறத்தோடு, மூன்று வெள்ளையாக. மகள் வீடு துப்புரவாக்கும்போது, "இதை நீங்களே தீட்டி முடிச்சு வையுங்கோவன் அப்பா" என்றாள். பஸ்டல் பெட்டியும் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

தீட்டமாட்டேன், மிஸ். அந்த மூன்றும் நீங்கள் கீறியவை.